என் இடுப்பும் டிராம்பே மோட்டாரும்

எண்பதுகளில் தாராவியில் சுமை தூக்கிப் பிழைத்தவர்களிடம் என்னைப் பற்றி விசாரித்தால் இரண்டு விஷயம் சொல்வார்கள். இவனைப் போலத் தூக்குவதற்கு ஆள் கிடையாது என்பார்கள். இவனைப் போலப் பேசுவதற்கும் ஆள் கிடையாது என்பார்கள். முதலாவதை ஊரெல்லாம் பரப்பியவன் நானேதான். ஆகவே இரண்டாவதை நீங்கள் தாராளமாக நம்பலாம்.

மூன்றாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று வெளியில் சொல்வேன். உண்மையில் அதுதான் என்னை விட்டது. அப்படிப்பட்டவன் பம்பாய்க்கு வந்து, மூட்டை தூக்கி, முகாதம் ஆனேன். முகாதம் என்றால் கூலிக் கூட்டத்துக்குத் தலைவன். என் கூட்டத்தில் எல்லாருமே திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள். தோல் கிடங்கில் கட்டு ஏற்றுவோம், மாட்டுங்காவில் வீடு மாற்றிக் கொடுப்போம், மாஹிமில் கடைகளுக்கு இரும்புப் பெட்டி இறக்குவோம். எங்கள் கூட்டத்துக்கு என்று ஒரு நீளமான கயிறு உண்டு. அதை முகாதம்தான் தோளில் போட்டிருப்பான். கயிறு யார் தோளில் கிடக்கிறதோ அவன் சொல்வதுதான் பேச்சு.

கயிற்றுக்கு ஒரு கடமையும் உண்டு. அதற்குப் பெயர் முதல் கை. எந்தச் சுமையானாலும் முகாதம்தான் முதலில் குனிந்து ஒரு மூலையைத் தூக்கிப் பார்க்க வேண்டும். அவன் முகத்தைப் பார்த்துத்தான் மற்றவர்கள் துண்டை இறுக்குவார்கள். முதல் கை வைக்காத முகாதத்துக்கு மறுநாள் கயிறு கிடையாது. இதை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தாலும் எங்களில் படிக்கத் தெரிந்தவன் குறைவு.

என் இடுப்பு போனது ஒரு தோல் கிடங்கில். உப்புப் போட்ட ஈரத் தோல் கட்டு ஒன்று கிடந்தது. மூன்று பேர் தூக்கும் கட்டு. என் மனைவியின் தம்பி என் கூட்டத்தில்தான் இருந்தான், முப்பது வயசு, நாக்கில் எப்போதும் ஒரு ஊசி வைத்திருப்பான்.

"அத்தான், முன்னால எல்லாம் இத ஒத்தையில தூக்குவேன்னு சொல்லுவியள்ல?"

"முன்னால என்னல முன்னால? இப்பவும் தூக்குவேன்."

"வேண்டாம் அத்தான். வயசு ஆயிட்டுல்லா."

இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்வான்? தூக்கினேன். தூக்கி, மார்புவரை கொண்டுவந்து, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்து, இறக்கி வைத்தேன். இறக்கும்போது இடுப்பில் ஏதோ ஒன்று தன் இடத்தை விட்டு எழுந்து பக்கத்து இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. என்னால் நிமிரவும் முடியவில்லை, குனியவும் முடியவில்லை. கட்டின்மேல் ஒரு கையை ஊன்றியபடி அரைகுறையாக நின்றேன். முகத்தில் மட்டும் சிரிப்பை விடவில்லை.

"என்ன அத்தான், அப்படியே நிக்கிய?"

"தோலப் பாக்கேன்ல. நல்ல தோலு."

மூக்கைப் பொத்தாமல் அந்தக் கிடங்குக்குள் எவனும் நிற்க மாட்டான். நான் அந்தத் தோலுக்கு நேரே முகத்தை வைத்து வெகுநேரம் ரசித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் மனைவியிடம் மறைக்க முடியவில்லை. எங்கள் அறை மேலே. இரும்பு ஏணியில் ஏற வேண்டும். நான் ஏறி வந்ததைப் பார்த்தாள்.

"என்ன, கோழி மாதிரி நடக்கிய?"

"புதுச் செருப்பு கடிக்கி."

"செருப்பக் கீழ கழட்டிப் போட்டுட்டுத்தான வந்திய?"

சொல்லிவிட்டேன். அவள் எண்ணெய் காய்ச்சித் தடவினாள். தம்பியிடம் சொல்லிவிட்டு நாலு நாள் படுங்கள் என்றாள். நான் மாட்டேன் என்றேன். மில்கள் மூடிக் கிடந்த காலம் அது. நேற்றுவரை தறி ஓட்டியவன் எல்லாம் காலையில் நாக்காவில், அதாவது கூலிக்கு ஆள் எடுக்கும் தெருமுனையில், வந்து நின்றான். டெம்போக்காரன் வருவான், ஆட்களை ஒரு பார்வை பார்ப்பான், இடுப்பில் கை வைத்து நிற்கிறவனைத் தாண்டிப் போய்விடுவான். கயிறு போனால் நானும் அந்த வரிசையில் ஒருவன். அதிலும் கோணலாக நிற்கிற ஒருவன். அந்த வயதில் எனக்குத் தெரிந்த வேறு தொழில் பேச்சு ஒன்றுதான், அதை யாரும் கூலி கொடுத்து வாங்குவதில்லை.

மறுநாள் ஒரு கடையில் இரும்புப் பெட்டி. எல்லாரும் என் முதல் கைக்காக நிற்கிறார்கள். குனிந்தால் கதை முடிந்தது. நான் பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தேன். ஊன்றிக்கொள்ளக் கொண்டுபோன குடையால் தட்டினேன். இன்னொரு சுற்றுச் சுற்றினேன்.

"என்ன அண்ணாச்சி பாக்கிய?" என்றார் கூட்டத்திலேயே மூத்தவர். எனக்கும் மூத்தவர்தான், ஆனாலும் நான் முகாதம் என்பதால் என்னை அண்ணாச்சி என்பார்.

"மாடு மாதிரி ஒடனே தூக்கிரக் கூடாதுவே. மொதல்ல பாக்கணும். உள்ள என்ன இருக்கு? எந்தப் பக்கம் கனம்? போற வழியில படி இருக்கா, சாக்கடை இருக்கா? பாதியில இறக்கி வைக்க எடம் உண்டா?"

இதெல்லாம் எங்கிருந்து என் வாயில் வந்தது என்று எனக்கே தெரியாது. குனிகிற நேரத்தைத் தள்ளிப் போடுவதற்காகக் கேட்ட கேள்விகள். கேட்டு முடிப்பதற்குள் பொறுமை இழந்த எவனாவது ஒரு மூலையைத் தூக்கிவிடுவான். உடனே நான், "பாத்தியா, அந்தப் பக்கந்தான் கனம், நான் சொன்னேம்லா" என்பேன். முதல் கை அப்படியே கரைந்து போகும்.

மாதக்கணக்கில் இப்படி ஓட்டினேன். போகப் போக எனக்கே அதில் ஒரு பெருமை வந்துவிட்டது. வழியில் கிடக்கும் வாழைப்பழத் தோலைக் குடையால் ஒதுக்குவேன். நனைந்த படியில் கோணி விரிக்கச் சொல்வேன். கதவகலத்தைத் துண்டால் அளப்பேன். தூக்குவதைவிடப் பார்ப்பதுதான் பெரிய வித்தை என்று டீக்கடையில் பேசினேன். மைத்துனன் மட்டும், "அத்தான் இப்ப டாக்டரு மாதிரி. தொடமாட்டாரு, ஃபீஸ் மட்டும் வாங்குவாரு" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், கொஞ்சமாக. பெரிதாகச் சிரித்தால் இடுப்பில் பிடிக்கும்.

அந்தச் சமயத்தில்தான் மாட்டுங்காவில் ஒரு வீடு மாற்றும் வேலை வந்தது. மூன்றாம் மாடி, லிப்ட் கிடையாது, செம்பூரில் காலனி வீட்டுக்குப் போகிறார்கள். வீட்டுக்காரர் டிராம்பே பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஆபீசர். தொழிலாளிகளுக்கு அடிபடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் உத்தியோகம் என்றார். அப்படி ஓர் உத்தியோகம் உலகத்தில் இருப்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன்.

நான் வழக்கம்போலப் படிகளில் மெல்ல ஏறினேன். ஒவ்வொரு திருப்பத்திலும் நின்றேன். கைப்பிடியை ஆட்டிப் பார்த்தேன், சுவரைத் தட்டினேன், மேலும் கீழும் பார்த்தேன். மூச்சு வாங்குவதற்கும் இடுப்பை நீவிக்கொள்வதற்கும் நின்றதை அப்படித்தானே மறைக்க முடியும்? ஆபீசர் மேலேயிருந்து எல்லாவற்றையும் கவனித்திருக்கிறார். அவர் கண் கலங்காத குறை.

"முகாதம், நீங்க பண்றேளே, இதைத்தான் நான் எங்க ஃபேக்டரியில வருஷக்கணக்கா கத்திண்டிருக்கேன். ஒருத்தனும் கேக்கமாட்டேங்கறான். யாரு கத்துக் கொடுத்தா உங்களுக்கு?"

"தானா வந்தது சார்" என்றேன். அதில் பொய் கிடையாது.

பீரோவும் ஆட்டுக்கல்லும் ஒரு கீறல் இல்லாமல் இறங்கின. செம்பூரில் போய்ப் பார்த்தால் பீரோ புது வீட்டு வாசலுக்குள் நுழையவில்லை. மாட்டுங்காவில் அத்தனை கதவையும் துண்டால் அளந்த நான், போய்ச் சேருகிற வீட்டுக் கதவை அளக்கவில்லை. ஆபீசர் வீட்டம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "நன்னா அளந்தேள் போங்கோ" என்றார். ஆபீசர் அதற்கும் என்னை விட்டுக் கொடுக்கவில்லை. பீரோ அந்த ராத்திரி வராந்தாவிலேயே தூங்கியது.

நாலைந்து நாளில் ஆபீசர் ஆள் அனுப்பினார். கூட்டத்தோடு டிராம்பேக்கு வரச் சொன்னார். எண்ணெய் வாடை வீசும் பெரிய முற்றம். ரிப்பேருக்குப் போய் வந்த பம்ப் மோட்டார் ஒன்று மேடையில் கிடந்தது. அதைப் பம்ப் அறைக்குள் கொண்டு போக வேண்டும். வழியெல்லாம் தாழ்வாகக் குழாய்கள், கிரேன் நுழையாது. கையால்தான் தூக்க வேண்டும். தொழிற்சாலையின் சொந்தக் கூலிக்காரர்கள், மராட்டிக்காரரும் உத்தரப்பிரதேசத்துக்காரரும், சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஆபீசர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இவாளுக்கு நீங்க செஞ்சு காட்டணும். பாக்கறதுலேருந்து தூக்கறது வரைக்கும். நன்னா நடந்துதுன்னா இந்த முற்றத்து வேலையை வருஷம் பூரா உங்க கூட்டத்துக்கே கொடுக்கலாம்னு மேனேஜர் சொல்லியிருக்கார்."

வருஷம் பூரா வேலை! நாக்காவில் போய் நிற்கவே வேண்டாம். என் ஆட்கள் முகத்தைப் பார்த்தேன், கல்யாண வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. ஆனால் செய்து காட்டுவதென்றால் முதல் கை நான்தான் வைக்க வேண்டும்; இத்தனை கண்ணுக்கு முன்னால், கரைக்க வழியே இல்லாமல். தலையில் ஒரு ஹெல்மெட்டை வேறு மாட்டிவிட்டார்கள். என் தலைக்கு அது சிறிது. பொதுவாகவே என் தலைக்கு எதுவும் சிறிதுதான்.

ஆரம்பித்தேன். அன்று நான் பேசியதை இப்போது நினைத்தாலும் எனக்குப் பெருமைதான். மோட்டாரைச் சுற்றினேன், தட்டினேன். எந்தப் பக்கம் கனம் என்று சொன்னேன். பிடிக்க இடம் இல்லை, கயிறும் கழியும் வேண்டும் என்றேன். தரையில் எண்ணெய், மணல் தூவு என்றேன். செம்பூர் பீரோ பாடத்தால் பம்ப் அறைக் கதவை மறக்காமல் அளந்தேன். எல்லாம் என் ஹிந்தியில். அந்த ஹிந்தியில் பாதிக்கு மேல் கைதான் பேசும். உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வந்து பார்த்தார்கள். ஆபீசர் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

"சுமையைப் பாத்தாச்சு. இடத்தைப் பாத்தாச்சு. வேலையை எப்படிப் பண்றதுன்னும் பாத்தாச்சு" என்றார். "ஒண்ணு பாக்கி இருக்கே, முகாதம்?"

நான் பம்ப் அறைக் கதவை மறுபடி துண்டால் அளக்கப் போனேன்.

"ஆள். தூக்கற ஆளைப் பாக்க வேண்டாமா? யாருக்காவது உடம்புல வலி, பழைய அடி ஏதாவது உண்டா? கேளுங்கோ."

கேட்டேன். தமிழில் கேட்டேன், ஹிந்தியில் கேட்டேன். ஒருவனும் வாயைத் திறக்கவில்லை. எப்படித் திறப்பான்? வலிக்கிறது என்று முகாதத்திடம் சொல்கிற கூலிக்காரனை நான் பார்த்ததே இல்லை. சொன்னால் நாளைக்கு வேலை இல்லை. என்னிடமே எவனாவது சொல்லியிருந்தால் நானும் அவனை நாக்காவிலேயே விட்டுவிட்டுத்தான் போயிருப்பேன். எல்லாரும் மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார்கள்.

"எல்லாரும் கல்லு மாதிரி இருக்கோம் சார்" என்றான் மைத்துனன். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, "அத்தான், நீங்க ஒதுங்குங்க. மொதக் கை நான் வைக்கேன்" என்றான்.

கயிறு கைமாறுகிற நேரம் வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். கோபம் வந்தது. அவனை முறைப்பதற்காகப் பார்த்தேன். அவன் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினான். இடுப்பில் கட்டவில்லை, அடிவயிற்றில், இடது பக்கம், உள்ளே எதையோ அழுத்தித் தள்ளிவிட்டு, பல்லைக் கடித்து இறுக்கினான். கொஞ்ச காலமாகவே அவன் துண்டு கட்டும் விதம் மாறியிருந்தது. சினிமாவில் பார்த்த ஸ்டைல் என்று நான் கேலி செய்திருக்கிறேன். இன்னும் மோட்டாரைத் தொடவே இல்லை, அதற்குள் அவன் மேலுதட்டில் வியர்வை நின்றது. சுமையையும் தரையையும் கதவையும் பார்க்கத் தெரிந்த நான், கூடவே சாப்பிடுகிறவனை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அவன் குனியப் போனான்.

"நில்லுல!" என்று கத்தினேன். நின்றான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உனக்கு வயிற்றில் என்னடா என்று அத்தனை பேர் முன்னால் கேட்டால் அவன் இல்லை என்றுதான் சொல்வான். எனக்குப் பெண் கொடுத்த வீட்டுக்காரன், வீம்பில் என்னைவிட ஒரு படி மேல். ஆகவே வேறு வழி இல்லாமல் என் வாய் திறந்துகொண்டது. திறந்தால் அதற்கு அடக்கமாகப் பேசத் தெரியாது.

"சார், எனக்கு இடுப்பு போச்சு. சும்மா போகல சார். இந்தப் பம்பாயில இப்படி ஒரு இடுப்பு எவனுக்கும் போயிருக்காது. தும்முனா உசிரு வெளிய போயிட்டுத் திரும்பி வரும். காலையில எந்திரிக்கதுக்கு வீட்டுக்காரி ஒரு பக்கம், சுவரு ஒரு பக்கம். மாசக்கணக்கா நான் ஒரு தீப்பெட்டிகூடக் குனிஞ்சு எடுத்ததில்ல. இவ்வளவு வலிய வச்சுக்கிட்டு வேற எவனாவது முகாதமா இருக்க முடியுமா? இருக்கச் சொல்லுங்க பாப்போம்!"

முடிந்தது கதை, கயிறும் போச்சு, டிராம்பேயும் போச்சு என்று நின்றேன்.

மூத்தவர் தொண்டையைக் கனைத்தார்.

"கோவிச்சுக்கிடாதிய அண்ணாச்சி. இடுப்பெல்லாம் ஒரு வலியா? இந்தா, என் தோளப் பாருங்க." இடது கையைத் தூக்கினார். அது காதுக்குக் கீழேயே நின்றுவிட்டது. "சட்ட போடணும்னா பேரன் வரணும்."

"தோளா? அரே சாச்சா, யே குட்னா தேக்கோ!" என்று உத்தரப்பிரதேசத்துக்காரன் ஒருவன் வேட்டியை முட்டிக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தான். முட்டி பலாக்காய் போல இருந்தது. ஒரு மராட்டிக்காரர் அவனைத் தள்ளிவிட்டு வளையாத விரல்களைக் காட்டினார். இன்னொருவன் கழுத்தைத் திருப்ப முடியாது என்று சொல்லி, நிரூபிப்பதற்காக உடம்போடு சேர்ந்து திரும்பினான். என் வலி உன் வலி என்று சண்டையே வந்துவிட்டது. இத்தனை வருஷம் பூட்டி வைத்ததை எல்லாம் மீன் சந்தை மாதிரி பரப்பிவிட்டார்கள். நான் விடுவேனா? இடைக்கிடையே, "இருந்தாலும் என் இடுப்பு மாதிரி வராது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.

கடைசியாக மைத்துனன் துண்டை அவிழ்த்தான். அடிவயிற்றில் ஓர் எலுமிச்சம்பழ அளவுக்கு உள்ளிருந்து புடைத்துக்கொண்டு நின்றது. போட்டி அதோடு நின்றுவிட்டது. முட்டியைக் காட்டியவன் வேட்டியை இறக்கிக்கொண்டான்.

"எத்தனை நாளாடா இந்த ஹெர்னியா?" என்றார் ஆபீசர்.

"நாளா இருக்கு சார்."

"இன்னும் ஒரு கனம் தூக்கியிருந்தா குடல் மாட்டிண்டிருக்கும். தெரியுமோ?" அவர் சுற்றிலும் பார்த்தார். "அப்போ வலி இல்லாதவன் ஒருத்தன்கூட இல்லையா இங்கே?"

"நீங்கதான் சார்" என்றார் மூத்தவர்.

ஆபீசர் குனிந்து தன் காலைப் பார்த்தார். "எனக்கும் முழங்கால் ரெண்டு வருஷமா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார்.

மோட்டார் அன்று மேடையை விட்டு அசையவில்லை. மேனேஜர் வந்து பார்த்துவிட்டு, வேலைக்கு ஆள் கேட்டால் ஆஸ்பத்திரியைக் கூட்டி வந்திருக்கிறாயே என்று ஆபீசரைக் கடிந்தார். எங்களுக்கு வருஷ வேலை இல்லை என்று ஆகிவிட்டது. செயின் கப்பியும் உருட்டுவதற்குப் பைப்புகளும் வாங்கி மோட்டாரை உள்ளே கொண்டு போனார்கள் என்று பிறகு ஆபீசர் சொன்னார். மைத்துனனுக்கு முனிசிபாலிட்டி ஆஸ்பத்திரியில் சொல்லி ஆபரேஷனுக்கு ஏற்பாடு செய்தவரும் அவர்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் எல்லாரும் என்னை விட்டுத் தள்ளியே உட்கார்ந்தார்கள். மைத்துனன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வீட்டுக்குப் போய் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தம்பி வயிற்றைப் பற்றிக் கேட்டதும் அழுதாள். பிறகு, "அவனும் ஒங்களப் பாத்துத்தான் கத்துக்கிட்டான், வாய மூடிட்டு இருக்க" என்றாள். என் வாயைப் பற்றி அப்படி ஒரு குற்றச்சாட்டு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை.

மறுநாள் காலையில் கயிற்றைத் தோளில் போடுவதா வேண்டாமா என்று தெரியாமல், கையில் பிடித்துக்கொண்டு நாக்காவுக்குப் போனேன். ஒருவரும் வரவில்லை. மற்ற கூட்டங்கள் ஒவ்வொன்றாக டெம்போவில் ஏறிப் போயின. நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டே நின்றேன். மறைப்பதற்குத்தான் இனி ஒன்றுமில்லையே. எவன் கூப்பிடுவான் என்று யோசித்துக்கொண்டிருந்தபோது மூத்தவர் வந்தார். என் முகத்தைப் பார்க்காமல் கயிற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு எனக்கு எடது தோளு சரியில்ல. என்னைய வலது பக்கமாப் போடுங்க."

பின்னாலேயே இன்னொருவன் வந்தான். "எனக்கு முட்டி, அண்ணாச்சி. படி உள்ள வேலைன்னா நான் கீழ நிக்கேன்."

அதற்குள் மற்றவர்களும் வந்து சூழ்ந்துகொண்டார்கள். ஒருவனுக்குக் கழுத்து, ஒருவனுக்கு மணிக்கட்டு. ஒருவன் தன் சளியைக்கூட என்னிடம் ஒப்பித்தான். டெம்போக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான்.

"வரிசையா சொல்லுங்கல!" என்று கத்தினேன். "எல்லாரும் ஒண்ணா சொன்னா எவன எங்கன நிப்பாட்டதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"